வலப்பக்கத்துத் துளை

பதினேழாவது சீவல் மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்கிறதோ தெரியவில்லை. பிரஷைக் காட்டினால் ஓடுகிறது, தொட்டால் சுருள்கிறது, சரி விட்டுப்பிடிக்கலாம் என்று விட்டால் தட்டின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு என்னை வேடிக்கை பார்க்கிறது, வாம்மா, உனக்கு முன்னால் பதினாறு பேர் சமர்த்தாகக் கண்ணாடியில் ஏறிப் படுத்தாயிற்று, நீ மட்டும் என்ன பெரிய இவளா, வா. ஒரு சுண்டெலியின் மூளையை நாற்பத்தெட்டு மெல்லிய சீவல்களாகச் சீவி உப்புத் தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறோம், ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமன்கூட இல்லை, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரஷால் தள்ளித் தள்ளிக் கண்ணாடித் தகட்டின் மேல் மூக்குப் பக்கத்திலிருந்து கழுத்துப் பக்கம் வரை வரிசையாகப் படுக்க வைப்பதுதான் என் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படத்துக்கு வர்ணம் தீட்டுகிற அதே பிரஷ்தான். நாலு மாதத்துக்கு முன்னால் இந்த வேலைக்காக நாற்பத்து மூன்று பேருக்கு மெயில் போட்டேன், நாற்பத்திரண்டு பேர் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்துவிட்டார்கள், ஒரே ஒரு பதில் வந்தது, இந்தப் பரிசோதனைக்கூடத்தை நடத்துகிற பத்ரி சார் போட்டதுகூட இல்லை, அவருடைய மெயிலைப் பார்த்துக்கொள்கிற ஆராய்ச்சி மாணவி சம்யுக்தா போட்டது, "ஒரு நாள் வந்து பாருங்க" என்று இரண்டே வரி, அந்த இரண்டு வரியை இன்னும் நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அம்மா தூத்துக்குடியில் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், என் மவ மெட்ராஸ்ல மூளை ஆபீஸ்ல இருக்கா என்று, மூளை ஆபீஸ், கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ, வரிசையில் நின்று மூளை வாங்கிப் போகிற இடம் என்று நினைப்பார்கள். மணி ஒன்று ஐம்பது. ஏசி குளிர் முழங்கையில் ஏறுகிறது, சாப்பிட்ட தயிர்ச்சாதம் கண்ணில் ஏறுகிறது, சம்யுக்தா அக்கா சாரின் அறையில் மீட்டிங்கில் இருக்கிறாள், நாலு மணிக்கு இரண்டு டீயோடு வருவாள், அதற்குள் இந்தப் பத்தாம் நம்பர் எலியை முடித்துவிட வேண்டும், சந்தோஷமாக இருக்கிறேன், சும்மா சொல்லவில்லை, இப்படி ஒரு மேஜையும் ஒரு விளக்கும் எனக்கென்று ஒரு பிரஷும் இருப்பதே இன்னும் நம்ப முடியவில்லை.

பதினேழு ஏறிவிட்டது. கறுப்புக் காகிதத்தின் மேல் தகட்டை வைத்து விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளையாக ஒரு வண்ணத்துப்பூச்சி, இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றே போல. அதுதான் இதில் உள்ள சங்கடமும். எலிக்கு மீசைதான் விரல், இருட்டில் மீசையால் தடவித்தான் அது உலகத்தைத் தெரிந்துகொள்கிறது, ஒவ்வொரு மீசை முடிக்கும் மூளையில் தனித்தனியாக ஓர் இடம் உண்டு, வலது மீசைக்கு இடது மூளையில், இடது மீசைக்கு வலது மூளையில், எல்லாம் குறுக்கே தாண்டித்தான் போகும். குட்டியிலிருந்தே ஒரு பக்க மீசையை மட்டும் கத்தரித்துக்கொண்டே வந்தால் அந்த மீசைக்கான இடம் என்ன ஆகிறது, சும்மா கிடக்கிறதா, அல்லது பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறானா, இதுதான் சம்யுக்தா அக்காவின் நாலு வருடக் கேள்வி. இருபது எலி. எல்லாருக்கும் வலது மீசையைத்தான் வெட்டினோம், ஆகவே இடது மூளையிலும் வலது மூளையிலும் உள்ள செல்களைத் தனித்தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும். ஆனால் சீவிய பிறகு எது இடம் எது வலம் என்று எந்த மேதாவியாலும் சொல்ல முடியாது, தண்ணீரில் ஒரு முறை புரண்டு படுத்தால் போதும், இடம் வலமாகிவிடும். அதற்காகத்தான் சீவுவதற்கு முன்பே மூளையின் வலது பாதியில், கொஞ்சம் கீழே தள்ளி, பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் ஓர் ஊசியைச் செலுத்தி உருவிவிடுவோம். பிறகு ஒவ்வொரு சீவலிலும் பொட்டு மாதிரி ஒரு துளை இருக்கும். துளை உள்ள பக்கம் வலது, எத்தனை தடவை புரண்டாலும் வலது. நாலு வருடப் படிப்பு அந்தப் பொட்டுத் துளையை நம்பித்தான் நிற்கிறது. முதல் ஒன்பது எலிக்கும் சம்யுக்தா அக்கா தன் கையால் ஊசி போட்டாள். பத்திலிருந்து பதினைந்து வரை ஆறுக்கும் போட்டவள் நான். அவள் எலி என்று சொல்லமாட்டாள், ஆறு பேர் என்பாள், இன்னைக்கு இத்தனை பேர் என்று சொல்லிவிட்டு அத்தனை பேரின் உயிரும் போய் முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள், கேட்டால் பசிக்கல என்பாள், இந்தப் பரிசோதனைக்கூடத்தில் இப்போது எல்லாரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். பதினெட்டாவது சீவல் சுலபமாக வந்துவிட்டது. நல்ல பிள்ளை. துளை எங்கே என்று பார்த்தேன். துளை வட்டமாக இல்லை. அது கீழ் ஓரத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது, சட்டைப் பொத்தான் ஓட்டை கிழிந்துபோய் ஓரத்தோடு சேர்ந்துகொள்ளுமே, அப்படி. பதினேழைப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். பதினாறும். இவ்வளவு நேரம் ஏற்றும்போதெல்லாம் துளை இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஊசி இவ்வளவு கீழே ஏன் போனது. மூளை குப்புறப் படுத்திருந்தால் கீழ்ப்பக்கம் வடிதாளோடு ஒட்டிக் கிடக்கும், ஊசி அங்கே போகவே போகாது. மல்லாக்கப் படுத்திருந்தால் போகும். மல்லாக்க. உடனே கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி வருகிறது, பளிச்சென்று, கண்ணிலிருந்து வருகிற இரண்டு நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கிற இடம் அது, மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது, மூளையைத் திருப்பிப் போட்டால்தான் தெரியும், நான் அதைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்திலா. இல்லை, புத்தகத்தில் அது மஞ்சளாகவும் சிவப்பாகவும் இருக்கும், இது ஈரமாக இருந்தது, வெள்ளையாக இருந்தது, பக்கத்தில் ஐஸ் தட்டு இருந்தது. அன்றைக்குத்தான். மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, அக்காவுக்குக் காய்ச்சல், போர்வைக்குள்ளிருந்து போனில் பேசினாள், "ஆக்னஸ், தள்ளிப்போட முடியாதுடி, ஆறு பேரோட வயசுக் கணக்கும் தப்பிடும், நீ பாத்துக்குவல்ல?" "பாத்துக்குறேங்க்கா, நீங்க தூங்குங்க." எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். முதல் மூளையை வெளியே எடுத்து வடிதாளில் வைத்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது, ஒரே ஒரு தடவை அந்தப் பெருக்கல் குறியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று, மூன்று வருடம் பரீட்சைக்குப் படமாக வரைந்து வரைந்து மார்க் வாங்கின சமாசாரம் ஆயிற்றே, யாரும் இல்லை, ஸ்பூன் நுனியால் மெல்லத் திருப்பினேன், தோசையைத் திருப்புகிற மாதிரி, அங்கே இருந்தது, நூல் பருமனில், ஐயோ எவ்வளவு அழகு, எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஒரு பட்டாணியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிற ஒன்றுக்குள் இப்படி ஒரு குறுக்குச் சாலை போட்டு வைத்தவன் யாரோ அவனுக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு ஊசியை எடுத்தேன். திரும்பக் குப்புறப் போட்டேனா. போட்டிருந்தால் துளை இவ்வளவு கீழே வராது. போடவில்லை. மல்லாக்கக் கிடந்த மூளையில்தான் குத்தியிருக்கிறேன். தோசையைத் திருப்பினால் வலது ஓரம் இடது கைப்பக்கம் வந்துவிடும். அன்றைக்கு ஊசியை என் வலது கைப்பக்கம் குத்தினேனா, இடது கைப்பக்கம் குத்தினேனா.

பிரஷைத் தட்டின் மேல் வைத்துவிட்டுக் குளிர்ப்பெட்டியிலிருந்து மற்ற ஐந்து பேரின் சீவல்கள் மிதக்கிற குப்பிகளையும் எடுத்துவந்தேன். பதினொன்றிலிருந்து ஒன்று, பன்னிரண்டிலிருந்து ஒன்று, ஒவ்வொன்றாகக் கறுப்புக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், எல்லாம் கிழிந்த பொத்தான் ஓட்டைதான். முதலாவதில் பழகின கை மிச்ச ஐந்திலும் அதையே செய்திருக்கிறது, கைக்கு என்ன தெரியும். கைக்குத் தெரியும், கையைத்தான் கேட்க வேண்டும். கண்ணை மூடி வலது கையில் ஊசி பிடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்தேன். இடது கையில் இடுக்கி. வலது முழங்கை எதிலோ இடித்தது அன்றைக்கு, குழாய், தண்ணீர்க் குழாய், அது என் வலது கைப்பக்கம் இருக்கிறது, முழங்கை குழாயில் இடிக்க வேண்டுமென்றால் கை வெளியே தள்ளி வலது ஓரத்துக்குப் போயிருக்க வேண்டும். அப்படியானால் வலது கைப்பக்கம் குத்தியிருக்கிறேன், அப்படியானால் அது இடது மூளை, அப்படியானால் ஆறு பேருக்கும் அடையாளம் நேர்மாறு. ஆனால் மூளை திரும்பிக் கிடக்கிறது என்பது எனக்கு அப்போது உறைத்திருந்தால் இடப்பக்கம் குத்தியிருப்பேன், நான் முட்டாள் இல்லை, வடிதாளில் வலது இடது என்று பென்சிலால் எழுதியும் வைத்திருந்தேன். எழுதி வைத்திருந்தேனா. வடிதாள் குப்பைக்குப் போய்விட்டது. குழாயில் இடித்தது அன்றைக்கா, அல்லது தட்டு கழுவுகிற எத்தனையோ நாட்களில் ஒரு நாளா, தினமும்தான் இடித்துக்கொள்கிறேன், முழங்கையில் நீலமாகவே இருக்கிறது. நோட்டில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எடுத்துப் பார்த்தேன், 'வலது பாதியில் துளை இடப்பட்டது, ஆறு', அழகான கையெழுத்து, கீழே என் பெயர், எது நடந்திருக்க வேண்டுமோ அதை எழுதியிருக்கிறேன், எது நடந்ததோ அதை எழுதவில்லை.

இதில் இன்னொரு சிக்கல், என் ஞாபகத்தை நானே நம்ப மாட்டேன். கோயிலில் முதல் நன்மை என்று அப்பம் வாங்குவதற்கு முன்னால், செய்த பாவத்தை ஒப்புக்கொள்கிற முதல் பாவசங்கீர்த்தனம், எனக்கு ஒன்பது வயது, சாமியார் கிராதிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் முழங்காலில், சொல்லுவதற்கு ஒரு பாவமும் இல்லை. என்ன கொடுமை. எனக்கு முன்னால் போன ஜான்சி ஐந்து நிமிஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள், நான் ஒன்றுமில்லை என்று எழுந்து போனால் எல்லாரும் என்ன நினைப்பார்கள், உடனே சொன்னேன், ஜான்சியின் அழிரப்பரைத் திருடிவிட்டேன் சாமி என்று. நான் திருடவே இல்லை. சாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தபோது அந்த ரப்பர் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, பச்சை ரப்பர், ஒரு மூலை கடித்தது, ஸ்ட்ராபெரி வாசனை, அதை என் பாவாடைப் பைக்குள் வைத்தபோது தொடையில் குளிர்ந்தது, எல்லாம். இன்றைக்கும் அது ஞாபகம் இருக்கிறது. ஜான்சியைக் காலேஜில் பார்த்தபோது கேட்டேன், உன்கிட்ட பச்ச ரப்பர் இருந்துச்சாளா என்று, "இல்லியே, எங்க வீட்ல வெள்ள ரப்பர்தானளா வாங்குவாங்க" என்றாள். நடக்காததை ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்டதை நடந்ததாக ஆக்கிக்கொள்கிற மூளை என்னுடையது. இப்போது குழாயில் முழங்கை இடித்ததும் அந்த ரப்பர் வகைதானா, மீட்டிங் முடிந்து வருகிறவளிடம் ஒரு கற்பனைப் பாவத்தைச் சொல்லி அவளுடைய ஆறு பேரையும் நான் குப்பையில் போடப் போகிறேனா. ஆனால் துளை கிழிந்திருப்பது கற்பனை இல்லை. அது கறுப்புக் காகிதத்தில் கிடக்கிறது. மூளை மல்லாக்கக் கிடந்தது நிஜம், அதற்குப் பிறகு நடந்ததுதான் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்த ஆறு பேருக்குத்தான் தெரியும்.

கை என்னவோ நிற்கவில்லை. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. பிரஷ் போகிறது, சீவல் வருகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணி மூன்று. பேசாமல் இருந்துவிட்டால் என்ன. ஒருவருக்கும் தெரியாது, துளை கிழிந்திருக்கிறதே என்று கேட்டால் ஊசி கொஞ்சம் கீழே இறங்கிடுச்சுக்கா என்று சொன்னால் சரி என்பாள், அவள் என்னை அவ்வளவு நம்புகிறாள். ஆனால் பக்கம் மாறியிருந்தால் முதல் ஒன்பது பேர் ஒன்று சொல்வார்கள், இந்த ஆறு பேர் அதற்கு எதிராகச் சொல்வார்கள், இரண்டும் சேர்ந்து ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும், நாலு வருடக் கேள்விக்கு ஒன்றுமில்லை என்று ஒரு பொய்ப் பதில், அவள் அதை நம்பித் தன் பெயரைப் போட்டு எழுதுவாள். இன்னொரு வழியும் இருக்கிறது. எண்ணிப் பார்ப்பது. முதல் ஒன்பது பேரிடம் இடது பக்கம் செல்கள் குறைந்திருந்தால், இந்த ஆறு பேரிடமும் குறைந்த பக்கத்தையே இடது என்று வைத்துக்கொள்வது. அவ்வளவு அழகாகப் பொருந்தும், பொருந்தாமல் எங்கே போகும், பதிலை வைத்துக்கொண்டு கேள்வியைத் திருத்தினால் எல்லாம் பொருந்தும். சார் கை தட்டுவார். அக்கா நவம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடுவாள், அவளுடைய உதவித்தொகை நவம்பரோடு முடிகிறது, ஆறு எலியைப் புதிதாக வளர்த்து மீசை வெட்டிச் சீவி எண்ண ஐந்து மாதமாவது ஆகும், அதற்குள் நவம்பர் வந்து போய்விடும். அந்த நவம்பரை நான் உடைத்துவிட்டேன். ஒரு பெருக்கல் குறியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில். சார் என்னைப் போகச் சொல்லிவிடுவார், அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், அம்மா கோயில் வழியெல்லாம் சொன்னதை இனி திருப்பி எப்படிச் சொல்வாள், மூளை ஆபீஸ்ல மூளை இல்லன்னு அனுப்பிட்டாவ என்றா. சிரிப்பு வருகிறது.

ஆனால் இந்த மேஜையில் உட்கார்ந்து என்னால் அவளுக்குத் துரோகம் நினைக்க முடியவில்லை, அதுதான் பிரச்சினை. இந்த நாற்காலிக்குக் கீழே ஒரு பலகை வைத்து உயர்த்தியிருக்கிறதே, அதை வைத்தது அவள், நான் குட்டை என்று நானே சொல்லாமல் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் பலகை இருந்தது, யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் முதல் வாரத்தில் பதினோரு சீவலைக் கிழித்தேன், ஒவ்வொன்றையும் அவள் பார்த்துவிட்டு, "பரவால்ல, இது கொஞ்சம் கோவக்காரன்" என்று எலியின் மேல் பழியைப் போட்டாள். மீட்டிங்கில் சார், யார் ஏற்றிய சீவலின் படம் இது, சுத்தமாக இருக்கிறதே என்று கேட்டபோது அவள் ஆக்னஸ் என்றாள், பெயரைச் சொன்னாள், சொல்லாமல் இருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதெல்லாம் பெரிய விஷயமா, இல்லை, ஆனால் நாற்பத்திரண்டு பேர் பதில் போடாத ஊரில் ஒருத்தி பலகை வைக்கிறாள் என்றால் அது எனக்குப் பெரிய விஷயம்தான். அந்த ஆறு பேரும் அப்படித்தான். பத்தாம் நம்பர் என் கையுறையின் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கும். மீசை வெட்டப் போகும்போது எல்லாரும் ஓடுவார்கள், இவன் மட்டும் ஓடமாட்டான், ஒரு பக்க மீசையோடு என்னைப் பார்ப்பான், பாதி சவரம் செய்துகொண்டு பாதியில் யாரோ கூப்பிட்டு எழுந்து வந்த ஆள் மாதிரி இருப்பான், எனக்குச் சிரிப்பு வரும். இப்போது அவன் மூளை என் பிரஷ் நுனியில் மிதக்கிறது. அவன் எனக்குக் கொடுத்தது அவ்வளவும். அவன் பெயரில் ஒரு பொய்யை எண்ணி எழுதினேன் என்றால் அவன் எதற்குச் செத்தான். முப்பத்தேழு, முப்பத்தெட்டு. இனி கிழியக் கூடாது, ஒன்றுகூடக் கிழியக் கூடாது, ஏன் என்று தெரியவில்லை, எதற்கும் பயன்படாமல் போகப்போகிற இந்தச் சீவல்களை என் வாழ்க்கையில் இதுவரை ஏற்றாத அளவுக்குச் சுத்தமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தெட்டாவதை ஏற்றி முடித்தபோது நடைக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மணி நாலு.

அவள் இரண்டு காகிதக் கோப்பைகளோடு வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள், உள்ளே டீ கொண்டுவரக் கூடாது, நான்தான் வெளியே போக வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் கோப்பைகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னடி, கிழிஞ்சிருச்சா?"

"கிழியலக்கா. பக்கம் தெரியல."

"எந்தப் பக்கம்?"

சொன்னேன். பெருக்கல் குறியிலிருந்து ஆரம்பித்தேன், ஆசைப்பட்டுத் திருப்பியது, ஸ்பூன், ஊசி, குழாய், நோட்டு, எல்லாம். சொல்லிக்கொண்டே வரும்போது அழுதுவிட்டேன், அழக்கூடாது என்றுதான் இரண்டு மணி நேரமாக நினைத்திருந்தேன். அவள் கறுப்புக் காகிதத்தின் மேல் குனிந்து ஒவ்வொரு துளையாகப் பார்த்தாள். ஆறாவதைப் பார்த்துவிட்டு நிமிரவே இல்லை.

"ஆறு பேருமா?"

"ஆறு பேரும்."

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"ரெண்டு மணிக்கு."

"மணி நாலாவுது, ஆக்னஸ். ரெண்டு மணி நேரம் என்ன பண்ணிட்டிருந்த?"

"ஏத்திக்கிட்டு இருந்தேன். சொல்லாம விட்டுரலாமான்னும் யோசிச்சேன். எண்ணிப் பாத்துட்டு, குறையுற பக்கத்த இடதுன்னு வச்சுக்கலாமான்னும் யோசிச்சேன்." இதையும் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டாள், குட்டி போட இருபத்தோரு நாள், பால் மறக்க மூன்று வாரம், மீசைக்கு ஆறு வாரம், நவம்பரைத் தாண்டி விரல் போனது, ஜனவரியில் நின்றது. கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

"நானும் இப்ப அதைத்தான் யோசிச்சேன்" என்றாள்.

"எதக்கா?"

"எண்ணிப் பாத்து வச்சுக்கலாம்னு. நீ சொல்லிட்டு இருக்கும்போதே. உனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு, எனக்கு அரை நிமிஷத்துலயே வந்துருச்சு." எழுந்து போய் அலமாரியைத் திறந்து, தண்ணீரில் அழியாத மார்க்கரை எடுத்துவந்தாள். பத்தாம் நம்பர்த் தகட்டைக் கையில் எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டின் மேல் பெரிய எழுத்தில் 'பக்கம் தெரியாது' என்று எழுதினாள். எழுதி ஊதிவிட்டு எனக்கு முன்னால் வைத்தாள். "இப்ப நம்ம ரெண்டு பேராலயும் அப்படி வச்சுக்க முடியாது. மிச்ச அஞ்சையும் நீ எழுது."

எழுதினேன். பதினான்காம் நம்பரின் எழுத்து மட்டும் கோணிவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எழுதி முடித்ததும் நோட்டைத் திறந்து, அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி இன்றைய தேதி போடச் சொன்னாள், அதையும் செய்தேன். சாரிடம் இப்போதே போய்ச் சொல்லப் போவதாகச் சொன்னாள், நானும் வருகிறேன் என்றேன், "வேணாம், மொதல்ல நான் போறேன், நவம்பர் என்னோடது" என்றாள். கதவு வரைக்கும் போனாள். நான் அவளிடம் நன்றி என்று சொல்ல வேண்டும், அந்தச் சொல் போதாது, மன்னிப்பும் கேட்க வேண்டும், இரண்டில் எதை முதலில் சொல்வது என்று நின்றுகொண்டிருந்தேன்.

அவள் கதவைப் பிடித்தபடி திரும்பினாள். "நாளைக்குக் காலைல கடைசி அஞ்சு பேர், ஞாபகம் இருக்குல்ல? எட்டு மணிக்கு வந்துரு."

"நீங்க ஊசி போடும்போது நான் பக்கத்துல நின்னு எழுதிக்கிறேங்க்கா."

"நான் எதுக்கு ஊசி போடணும்? எனக்கு நாளைக்குப் புதுக் குட்டிகளுக்காக ஜோடி சேர்க்குற வேலை கீழ இருக்கு. நீயே போடு" என்றாள். "நான் வந்து பாக்கவெல்லாம் மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே நடையில் அவள் செருப்புச் சத்தம் சாரின் அறைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது, நின்றது, கதவைத் தட்டினாள். நான் கைகளைக் கழுவிவிட்டு, நாளைக்கு வேண்டிய ஐந்து ஊசிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டில் வைக்க ஆரம்பித்தேன்.